சிங்கப்பூரில் நாலு நாள்: படுக்கை எங்கே, பந்தி எங்கே?

குருவிகுளம் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்புகிறவர்கள் விமான டிக்கெட்டுக்கு மாதக்கணக்கில் விலை பார்ப்பார்கள். "எங்கே தங்கப் போறீங்க?" என்று கேட்டால், "நம்ம ஊர்ப் பையன் இருக்கான், அவன் ரூம்ல நாலு நாள் இருந்துக்கலாம்" என்று பதில் வரும். கணக்கு இடறுவது அந்த இடத்தில்தான்.

தென்காசிச் சீமைக்கும் சிங்கப்பூருக்கும் உறவு புதிதல்ல. கடையநல்லூர்க்காரர்கள் 1941இல் அங்கே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். 1946இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் பிழைக்கப் போனவர்கள், வருஷக்கணக்கில் இருந்தவர்கள். நாலு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்குச் சட்டமும் வேறு, செலவும் வேறு.

முதலில் அந்தப் பையன் ரூம். ஒர்க் பர்மிட்டில் இருக்கிற பிள்ளைகள் பலர் தொழிலாளர் விடுதியில் இருக்கிறார்கள். அங்கே வெளியாளை இரவு தங்கவைக்க முடியாது. சிலர் அரசு அடுக்குமாடி வீட்டில், அதாவது வீவக வீட்டில், ஓர் அறையைப் பங்கு போட்டு இருப்பார்கள். சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாகக் காசு கொடுக்காமல் தங்குவதற்குத் தடையில்லை. நாள் வாடகை பேசித் தங்குவதுதான் தப்பு. வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும், தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக் கூடாது என்பது சட்டம். "ஒரு நாளைக்கு 40 வெள்ளி குடுங்க, ரூம் தர்றேன்" என்று போனில் யார் சொன்னாலும் ஒதுங்கிவிடுங்கள். சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழர்கள் வெள்ளி என்பார்கள். ஒரு வெள்ளி சுமார் 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட வசதி.

முறையாகத் தங்க இரண்டு வழி. ஹாஸ்டலில் அடுக்குக் கட்டில் ஒன்று ஓர் இரவுக்கு 30 முதல் 50 வெள்ளி வரை. சாதாரண ஓட்டல் அறை 100 வெள்ளிக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். தனி ஆளுக்குக் கட்டில்தான் லாபம். கணவன் மனைவியாகப் போனால் இரண்டு கட்டில் விலையும் ஓர் அறை விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். அப்போது அறையே மேல். மலிவாகக் காட்டுகிற அறைகளில் பல ஜன்னல் இல்லாதவை. ஏசி ஓடும், விளக்கு எரியும், பகலா இரவா என்று தெரியாது. தூங்க மட்டும் வருகிறவருக்கு அது போதும். வயதானவர்களைக் கூட்டிப்போனால் வேண்டாம். கேலாங் பகுதியில் விலை இன்னும் குறையும். அங்கே சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி என்பதால் குடும்பத்தோடு போகிறவர்கள் எந்தச் சந்து என்று விசாரித்துவிட்டுப் போடட்டும்.

கடல் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் தங்கினால் பாதி விலை என்று ஒரு யோசனை சொல்வார்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு தந்திருப்பதும் உண்மை. ஆனால் தினமும் எல்லையில் வரிசை, சிங்கப்பூருக்குள் பலமுறை நுழைய அனுமதிக்கிற விசாவும் வேண்டும். நாலு நாள் பயணத்தில் இரண்டு நாளை வரிசைக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

நான் சொல்வது, அறையை விலை பார்த்து மட்டும் போடாதீர்கள், சோற்றுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துப் போடுங்கள். லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், ஜாலான் புசார் பக்கம் தங்கினால் காலையில் எழுந்து நடக்கிற தூரத்தில் தேக்கா சென்டர். மீன், இறைச்சி, காய்கறிச் சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும் ஒரே கூரைக்குக் கீழே. தோசை மூன்று வெள்ளி, டீ ஒன்றரை வெள்ளிப் பக்கம், பிரியாணி ஏழெட்டு வெள்ளி. இந்த மாதிரி இடங்களை ஹாக்கர் சென்டர் என்கிறார்கள். தெருவோரம் தள்ளுவண்டியில் விற்றவர்களை அரசாங்கம் கூரைக்கு அடியில் கொண்டுவந்து உருவாக்கியவை. 2020இல் இந்த ஹாக்கர் கலாச்சாரம் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. சிங்கப்பூர்க்காரர்களே தினமும் சாப்பிடுகிற இடம் என்பதால்தான் விலை அடங்கியிருக்கிறது.

அங்கே போனால் இரண்டு பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்து வைத்தது என்று நினைக்காதீர்கள், இடம் பிடித்திருக்கிறார்கள். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரிதான். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம்: முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம். நூறு தோசைக் காசு!

பணம் கரைவது ஏசி ரெஸ்டாரண்டில். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி சின்னதாக இருக்கும். பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேலே ஒன்பது சதவீதம் ஜிஎஸ்டி என்று அதற்கு அர்த்தம். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் 119 வெள்ளி 90 காசு. நாம் கேட்காமலே மேசையில் வைக்கிற ஈரத் துண்டுக்கும் வேர்க்கடலைக்கும் தனிக் காசு போடுகிற இடங்கள் உண்டு. வேண்டாம் என்றால் உடனே சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஓட்டல் அறை விலையிலும் இந்தக் கூட்டல் குறி ஒளிந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து என்ன கொண்டுபோகலாம்? இட்லிப் பொடி, பருப்புப் பொடி, முறுக்கு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தாராளமாக. சங்கரன்கோவில் மட்டன் பிரியாணியைப் பொட்டலம் கட்ட ஆசைப்பட வேண்டாம். இந்தியாவிலிருந்து பயணிகள் இறைச்சிப் பண்டம் எதையும் எடுத்துப்போக முடியாது. கசகசாவும் கூடாது, போதைப்பொருள் தடுப்புத் துறையின் தடையில் இருக்கிறது. வீட்டில் அரைத்த கறிமசாலாவில் அது சேர்ந்திருந்தால் அந்த டப்பாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் காலியாகக் கொண்டுபோனால் போதும், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

தேதியையும் பாருங்கள். சீனப் புத்தாண்டில் ஹாக்கர் கடைகள் பல இரண்டு மூன்று நாள் பூட்டிக்கிடக்கும். கார்ப் பந்தயம் நடக்கிற வாரத்தில் அறை விலை எகிறும்.

மற்ற நாள்களில் கட்டில் 40, மூன்று வேளைச் சாப்பாடு டீயோடு 18, ரயிலும் பஸ்ஸும் 6 என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 64 வெள்ளி, நம் காசில் சுமார் 4,500 ரூபாய். இதில் சாப்பாட்டுப் பங்கைச் சில்லறை நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஹாக்கர் கடைகளில் உள்ளூர்க்காரர்கள் போனைக் காட்டிக் காசு கட்டிவிட்டுப் போவார்கள். வெளியூர்க்காரருக்கு இரண்டு, ஐந்து வெள்ளி நோட்டுதான் சௌகரியம். காலை நேரக் கூட்டத்தில் 50 வெள்ளியை நீட்டி டீ கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார்.