அபோநியூரோசிஸ்: பேரில் மட்டும் நரம்பு

போன சாரல் சீசனில் குற்றாலம் போயிருந்தேன். குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் நாலு எட்டு வைக்கிறதுக்குள் உயிர் போயிரும். மெயின் அருவிக்குப் போற வழியில் எண்ணெய் தேய்க்கிறவர் பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "நரம்பு பெரண்டு கிடக்கு அண்ணாச்சி" என்றார். மறுநாள் தென்காசியில் ஸ்கேன். 'பிளாண்டர் அபோநியூரோசிஸ்' தடித்திருக்கிறது என்று அறிக்கை. நடுவில் 'நியூரோ'வைப் பார்த்ததும் பயந்துட்டேன். நரம்பே கெட்டுப்போச்சோ என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

பயந்தது வீண். அது நரம்பே இல்லை. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை போகும் கெட்டியான நார்ப்பட்டை. பாதத்தின் வளைவை, வில்லை நாண் இழுத்துப் பிடிக்கிற மாதிரி பிடித்து வைத்திருக்கிறது.

அப்போ பேரில் ஏன் நியூரோ? கிரேக்கத்தில் 'நியூரான்' என்றால் முதலில் தசைநாண், வில்லின் நாண், யாழின் தந்தி. அரிஸ்டாட்டில் காலத்திலும் அதுதான் பொருள். தசை முடிந்து வெள்ளை நாணாக மாறுவது அபோநியூரோசிஸ். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸும் எராசிஸ்ட்ராட்டஸும் மனித உடலை அறுத்துப் பார்த்தபோதுதான், இந்த வெள்ளைக் கயிறுகளில் சில மூளைக்குப் போகின்றன, உணர்வும் அசைவும் அவற்றின் வேலை என்று தெரிந்தது. அவற்றுக்கும் பழைய பேரே நின்றுவிட்டது. பிறகு அதுவே முக்கியப் பொருளாகி, பழைய பொருள் அபோநியூரோசிஸ் மாதிரி ஒன்றிரண்டு சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஆச்சரியம், நம்ம 'நரம்பு'க்கும் இதே கதைதான். செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு, பேரியாழுக்கு 21. உடம்பிலும் அதே சொல். (சமஸ்கிருத 'ஸ்நாயு' இன்னும் வேடிக்கை: இந்தியில் நரம்பு, மராத்தியில் தசை.) இன்னைக்கும் நாம் 'நரம்பு ஊசி' என்பது ரத்தக் குழாயில் போடுவது. கையில் புடைத்துத் தெரியும் 'நரம்பு'ம் ரத்தக் குழாய்தான். பிடித்துக்கொண்டால் சுண்டி விடச் சொல்கிற நரம்பு பெரும்பாலும் தசையோ தசைநாணோ. அதனால் டாக்டரிடம் "நரம்பு வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. மரத்துப்போகுதா, குத்துதா, எந்த இடம் என்று சேர்த்துச் சொல்லுங்க. நாம் சொல்கிற நரம்பும் அவர் படித்த நரம்பும் ஒன்றாக இருக்கணும்னு இல்லை.

எண்ணெய்க்காரர் சொன்னது பழைய கிரேக்கக் கணக்கில் சரிதான். ஆனா இழுத்துவிட ஒரு நாளும் அவரிடம் பாதத்தைக் கொடுக்கலை. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் துண்டை விரல்களில் மாட்டி மெதுவாக இழுக்கிறேன். வலி பாதியாகியிருக்கிறது.