ஸ்டெப்ஸ் கேட்க எந்த ஹெட்போன்?

சிந்தாதிரிப்பேட்டையில், ரிச்சி தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில் எனக்கு ஒரு சர்வீஸ் மேஜை இருக்கிறது. ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டரும் ஆம்ப்ளிஃபயரும் வந்த இந்த மேஜைக்கு இன்று அதிகம் வருவது கேமிங் ஹெட்போன். கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ப்ளஸ் டூ, காலேஜ் பிள்ளைகள். பிஜிஎம்ஐ, வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கிச் சண்டைக் கேம்களை ஆடுகிறவர்கள். அறுந்த வயரை நான் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதே கேள்வி வந்துவிடும்: "அண்ணா, புதுசா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எதுல ஸ்டெப்ஸ் நல்லா கேக்கும்?"

ஸ்டெப்ஸ் என்றால் எதிராளியின் காலடிச் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் வருகிறவனைக் கண்ணால் பார்க்க முடியாது. அவன் மாடியில் நடக்கிறானா, பின்னாலிருந்து வருகிறானா என்பதைக் காதுதான் முதலில் சொல்லும். அதனால்தான் போட்டிக்கு ஆடுகிறவர்கள் ஹெட்போனுக்கு இத்தனை மெனக்கெடுகிறார்கள்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். "தம்பி, வால்யூமைக் குறைச்சு வெச்சாலும் எதுல ஸ்டெப்ஸ் திசையோட கேக்குதோ, அதை வாங்கு." இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் விளம்பரத்தில் ஏமாற மாட்டீர்கள். காதும் கெடாது.

பிள்ளைகளோடு வரும் பெற்றோர் சிலருக்கு இதெல்லாம் வீண் செலவாகத் தெரிகிறது. அவர்களுக்கு ஒரு செய்தி. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக ஆடும் வீடியோ கேம்களை, விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. நாடு முழுக்கப் போட்டிகள் நடத்தும் ஸ்கைஸ்போர்ட்ஸ் நம் சென்னையில் பிறந்த நிறுவனம். விளையாட்டு என்று ஆனபிறகு அதற்கான கருவியையும் விவரம் தெரிந்து வாங்குவதுதான் முறை.

காது திசையை அறிவது எப்படி?

வலப்பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் அது வலது காதை முதலில் தொடும். தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குச் சற்றுத் தாமதமாக வரும். அந்தத் தாமதம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தலை மறைப்பதால் இடது காதில் சத்தமும் கொஞ்சம் குறையும். இந்த இரண்டு வித்தியாசங்களை வைத்துத்தான் மூளை இடம் வலம் பிரிக்கிறது. முன்னா பின்னா, மேலா கீழா என்பதைக் காது மடலின் மடிப்புகள் காட்டிக்கொடுக்கின்றன. சத்தம் வரும் திசைக்கு ஏற்ப அதன் தன்மையை அவை மாற்றி உள்ளே அனுப்புகின்றன.

ஹெட்போன் போட்டதும் மடலின் வேலை பெருமளவு நின்றுவிடுகிறது. அந்தக் குறையைக் கேமே ஈடுகட்டப் பார்க்கிறது. வேலரன்ட் 2021-ல் கொண்டுவந்த எச்ஆர்டிஎஃப் வசதி இதற்காகத்தான். தலையும் மடலும் சத்தத்தை எப்படி மாற்றும் என்று கணக்கிட்டு, சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனிலேயே முன்னையும் பின்னையும் அது உண்டாக்குகிறது. ஆகவே ஹெட்போனிடம் நாம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான்: இடது, வலது ஸ்பீக்கர் இரண்டும் ஒரே அளவில், ஒரே குணத்தில் ஒலிக்க வேண்டும், மெல்லிய சத்தத்தை விழுங்கக் கூடாது.

பெட்டியில் எழுதியிருப்பவை

முதலில் 7.1 சரவுண்ட், அதாவது சுற்றிலும் பல ஸ்பீக்கர்கள் இருப்பதுபோன்ற சத்தம். பெரும்பாலான ஹெட்போன்களில் இது ஒரு மென்பொருள் வேலை. உள்ளே இருப்பவை இரண்டே ஸ்பீக்கர்கள். கேம் ஏற்கெனவே கணக்குப் போட்டு அனுப்பிய சத்தத்தின் மேல் இன்னொரு கணக்கு ஏறும்போது திசை கலங்கிப்போகிறது. கேமில் எச்ஆர்டிஎஃப் போட்டிருந்தால் ஹெட்போனின் 7.1-ஐ அணைத்துவிடுங்கள். இதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

அடுத்தது பேஸ். கீழ் அலைவரிசைச் சத்தம் பெரிதாக இருந்தால் அதற்கு மேலுள்ள மெல்லிய சத்தங்களைக் காது தவறவிடும். இது காதின் இயல்பு. வெடிச்சத்தம் நெஞ்சை அதிரவைக்கும் ஹெட்போன் சினிமாவுக்குச் சரி. போட்டியில், அந்த அதிர்வு அடங்குவதற்குள் ஸ்டெப்ஸ் கடந்துபோயிருக்கும். பிறகு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வால்யூமை ஏற்றுகிறார்கள். பேஸ் அடங்கிய, நடு அலைவரிசை தெளிவாக இருக்கும் ஹெட்போனைத் தேடுங்கள்.

டிரைவர் என்பது உள்ளிருக்கும் ஸ்பீக்கர். 50 மில்லிமீட்டர் டிரைவர் என்பதால் மட்டும் 40 மில்லிமீட்டரைவிட நன்றாக ஒலிக்காது. 40,000 ஹெர்ட்ஸ் வரை போகும் என்பதிலும் பயனில்லை. மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்பதில்லை. பளபளக்கும் விளக்கு காதுக்கு எதுவும் செய்யாது.

உங்கள் வீட்டுக்கு எது?

கப்பின் பின்புறம் வலைபோல் திறந்திருப்பது ஓப்பன் பேக். சத்தம் விரிந்து கேட்கும், திசை இயல்பாக இருக்கும், காதும் வேகாது. அமைதியான அறை இருந்தால் அதற்கு நிகர் இல்லை. எங்கள் பேட்டையில் தெருப்பக்க வீட்டில் இருந்துகொண்டு அதைப் போட்டால் ஆட்டோ ஹார்னும் குக்கர் விசிலும் ஃபேன் இரைச்சலும் சேர்ந்து உள்ளே வரும். அதை அமுக்க வால்யூம் ஏறும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கப் மூடிய க்ளோஸ்டு பேக்தான் ஏற்றது.

காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஐஇஎம், அதாவது காதுத் துளைக்குள் ரப்பர் முனை பொருந்தும் வகை. மூன்ட்ராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ போன்றவை சுமார் 2,000 ரூபாய்க்கே திசையைத் துல்லியமாகக் காட்டுகின்றன. பெரிய போட்டிகளின் மேடைகளில் வீரர்கள் கேம் சத்தத்தை இயர்போனில் கேட்டுக்கொண்டு, கூட்டத்தின் இரைச்சல் நுழையாமலிருக்க அதன் மேல் பெரிய ஹெட்செட்டை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று மட்டும் முக்கியம்: கூட வரும் மூன்று அளவு முனைகளையும் போட்டுப் பார்த்து, காதை இறுக்கமாக அடைப்பதைத் தேர்ந்தெடுங்கள். அடைப்பு சரியில்லை என்றால் விலை உயர்ந்ததும் வீண்.

வயரா, ப்ளூடூத்தா?

போட்டிக்கு வயர். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் 200 மில்லி விநாடி தாமதமாக வருவது சகஜம். விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் அது 12 ஃப்ரேம். எதிராளி மூலையைத் தாண்டி வந்த பிறகுதான் ஸ்டெப்ஸ் கேட்கும். இன்னொரு குறையைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. கூட ஆடும் ஸ்குவாடோடு பேச ப்ளூடூத் மைக்கைத் திறந்ததும் பல ஹெட்போன்கள் போன் பேசும் நிலைக்கு மாறிவிடும். சத்தம் தரம் குறைந்து மோனோவாகிவிடும். இரண்டு காதிலும் ஒரே சத்தம் கேட்டால் திசை ஏது?

வயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால், யுஎஸ்பி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையை வாங்குங்கள். போனில் ஜாக் இல்லை என்றால் டைப்-சி கன்வெர்ட்டர் போதும். உங்கள் போனில் செருகி, மைக்கும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். கம்ப்யூட்டரில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஓட்டை இருந்தால் அதற்கான ஸ்ப்ளிட்டர் தேவைப்படும்.

எது முதலில் கெடும்?

என் மேஜையில் பார்ப்பதைச் சொல்கிறேன். முதலில் போவது ஜாக் பக்கத்து வயர். வயரைக் கழற்றி மாட்டும்படி இருந்தால் புது வயரோடு முடிந்தது. கப்போடு சேர்ந்த வயர் என்றால் பிரித்துப் பற்றவைக்க வேண்டும். அடுத்து குஷன். சென்னை வியர்வையில் ரெக்சின் குஷன் செதில் செதிலாக உரிந்துவிடும். துணி அல்லது வெல்வெட் குஷன் தாக்குப்பிடிக்கும், சூடும் குறைவு. மாற்றுக் குஷன் கிடைக்குமா என்று வாங்கும்போதே விசாரியுங்கள். மூன்றாவது, கப் திரும்பும் இடத்துப் பிளாஸ்டிக். அங்கே உலோகம் இருந்தால் நல்லது.

எடை 300 கிராமுக்குள் இருக்கட்டும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு கொஞ்ச நேரம் மாட்டிப் பாருங்கள். கம்பி உறுத்தினால் அதை விட்டுவிடுங்கள். பெயர் பெற்ற பிராண்டு பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது 'ஃபர்ஸ்ட் காப்பி' எனப்படும் போலி என்று எடுத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் சரிபாருங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

நண்பனை அழைத்துப் போங்கள். உங்கள் போனிலேயே கேமின் பயிற்சிக் களத்தைத் திறந்து, நண்பனின் ஆள் உங்களைச் சுற்றி நடக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு சத்தம் வரும் பக்கம் கை காட்டுங்கள். முன்பின் எங்கே தடுமாறுகிறது என்று நண்பன் சொல்வான். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் ஒலிக்கும்படி வையுங்கள். சத்தமாகக் கேட்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். பலர் தவறாக வாங்குவது அதனால்தான். கடைசியில் வால்யூமைப் பாதியாக்கி மறுபடி சோதியுங்கள். அப்போதும் கை சரியான பக்கம் போனால் வாங்கிவிடுங்கள்.

காது மறுபடி கிடைக்காது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணிதான். குழந்தைகளுக்கு எல்லை இன்னும் கீழே, 75 டெசிபல். 2024 ஜனவரியில் பிஎம்ஜே பப்ளிக் ஹெல்த் இதழில் வெளியான ஒரு கட்டுரை 14 ஆய்வுகளைத் தொகுத்து, 50,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களைப் பார்த்தது. கேம் ஆடுகிறவர்கள் கேட்கும் சத்தம் பல நேரம் பாதுகாப்பு எல்லையை நெருங்குகிறது, அல்லது தாண்டுகிறது என்பது அதன் முடிவு.

உட்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. வயரை நான் ஒட்டித் தருவேன். அந்தச் செல்களை யாராலும் ஒட்ட முடியாது. ஆட்டம் முடிந்தபின் காதில் 'ங்ங்' என்று ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தால் அது எச்சரிக்கை. அடிக்கடி வந்தால் தள்ளிப்போட வேண்டாம். சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்கும் ஹெட்போனை மறுப்பதற்கு முன் அதைக் கொஞ்சம் உங்கள் காதில் மாட்டி, அவன் வைத்திருக்கும் வால்யூமைக் கேளுங்கள். அதிகமாக இருந்தால் திட்டாதீர்கள். அடைப்பு நன்றாக இருக்கும் ஒன்றை வாங்கிக் கொடுத்து, இருவரும் சேர்ந்து வால்யூமைக் குறையுங்கள். ஆடும் பிள்ளைகளே, குறைந்த சத்தத்தில் திசை பிடிக்கப் பழகுங்கள். நாளைக்கும் ஜெயிக்க உங்களுக்கு அந்தக் காது வேண்டும்.