ஷிஃப்டுக்குள் அரை மணி நேரக் கணக்கு

“எம்-10 டேப் போடணும். எத்தனை மில்லி டிரில்?”

புதிதாக வருகிற ஒவ்வொரு பேட்ச்சிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: “எட்டரைங்க.” ஏன் எட்டரை என்று கேட்டால், “மேஸ்திரி சொன்னாருங்க”, “கம்பெனியில சார்ட் ஒட்டியிருக்குங்க” என்பதற்கு மேல் யாரும் போவதில்லை.

டேப் என்றால் துளைக்குள் திரெட் வெட்டும் கருவி; எம்-10 என்றால் அந்தத் திரெட்டின் டயா 10 மில்லி. முதலில் எந்த டிரில்லால் துளை போடுவது என்பது ஒரே ஒரு கழித்தல். திரெட்டின் ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் உள்ள இடைவெளிதான் பிட்ச். எம்-10இன் சாதாரணத் திரெட்டுக்கு அது 1.5 மில்லி. பத்தில் ஒன்றரை போனால் எட்டரை. எம்-12க்கு பிட்ச் 1.75; விடை 10.25. எம்-6க்கு பிட்ச் 1, விடை 5. மூன்றையும் போர்டில் எழுதியதும் பின்வரிசையிலிருந்து யாராவது, “இவ்வளவுதானுங்களா சார்?” என்பார். நாளைக்கு ஃபைன் பிட்ச் ஜாப் வந்தாலும், சுவரில் சார்ட் இல்லாவிட்டாலும், அவர் இனி ஒருவரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

கோவையில் லேத்திலும் பிறகு சிஎன்சியிலும் நின்று செட்டரானவன் நான். இப்போது மாலை நேரத்தில் தொழிலாளர்களுக்குப் பட்டறைக் கணக்குச் சொல்லித் தருகிறேன். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று பம்பும் மோட்டாரும் வண்டி உதிரிபாகங்களும் செய்கிற பட்டறைகளிலிருந்து வருகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்த பையன்கள், பத்தாவதோடு நின்று ஹெல்ப்பராகச் சேர்ந்து மெஷினைப் பிடித்தவர்கள், இன்ஸ்பெக்ஷனில் வேலை பார்க்கும் பெண்கள், பீகாரிலிருந்து வந்து இங்கேயே தமிழ் பழகிய தம்பிகள். எல்லாரும் சொல்லி வைத்தாற்போல, “எனக்குக் கணக்கு வராதுங்க” என்றுதான் தொடங்குகிறார்கள்.

நான் நம்புவதில்லை. டயா 40 மைக்ரான் கூடுதலாக இருக்கிறது என்று மைக்ரோமீட்டர் காட்டியதும், கண்ட்ரோலரில் மைனஸ் 0.04 ஆஃப்செட் தட்டுகிறவருக்குத் தசமமும் குறை எண்ணும் தெரியும். கையில் இருக்கும் அந்தக் கணக்கைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை.

மையத்தை நெருங்கும் டூல்

வெட்டு வேகம் என்பது டூலின் நுனியை ஒரு நிமிடத்தில் கடந்து போகும் உலோகத்தின் நீளம். அதை மீட்டரில் சொல்வார்கள். ஜாப்பின் சுற்றளவை ஒரு நிமிடச் சுற்றுகளால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அது கிடைத்துவிடும். அப்படியானால் டயா பாதியாகும்போது அதே வேகம் வேண்டுமென்றால் சுற்று இரட்டிப்பாக வேண்டும்.

சிஎன்சியில் ஜி96 போட்டால் மெஷினே இதைச் செய்துகொள்ளும். வேகம் 150 மீட்டர் என்று வைப்போம். 100 மில்லி டயாவில் ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 480 சுற்று சுற்றும். ஃபேசிங் செய்துகொண்டே டூல் உள்ளே போய் 10 மில்லியைத் தொடும்போது அது சுமார் 4,800. மையத்தில் டயா பூஜ்யம். கணக்குப்படி சுற்றுக்கு எல்லையே இல்லை. பெரிய, சமநிலை இல்லாத ஜாப் சக்கில் இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பல கண்ட்ரோலர்களில் ஜி50 கொடுத்து உச்ச வேகத்துக்குப் பூட்டுப் போடுகிறோம். இந்த வகுத்தல் புரிந்த ஆபரேட்டர், புரோகிராமில் அந்த வரி இல்லையென்றால் ஸ்டார்ட் பட்டனைத் தொடமாட்டார். பாதுகாப்பு வகுப்பில் பத்து முறை எச்சரிப்பதைவிட இந்த ஒரு கணக்கு நன்றாகப் பதிகிறது.

சாக்பீஸ் முக்கோணம்

பத்தாம் வகுப்பில் திரிகோணமிதியைப் பார்த்துப் பயந்தவர்களே என் வகுப்பில் அதிகம். நான் ஒரு டேப்பர் பீஸைக் கையில் கொடுப்பேன். ஒரு முனை 40 மில்லி, மறுமுனை 30, நீளம் 50. நடுக்கோட்டை ஒட்டி அதன் மேல்பாதியைத் தரையில் சாக்பீஸால் வரையச் சொல்வேன். சின்ன முனையிலிருந்து நடுக்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு இழுத்தால், செங்கோண முக்கோணம் ஒன்று தானாக வந்துவிடும்: உயரம் 5, அடி 50. ஐந்தை ஐம்பதால் வகுத்தால் 0.1. எந்தக் கோணத்தின் டேன் 0.1? கால்குலேட்டர் 5 டிகிரி 43 நிமிடம் என்கிறது. லேத்தில் காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்ப வேண்டியது அவ்வளவுதான். பத்தைப் பாதியாக்கியது ஏன் என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்பதில்லை. முக்கோணம் அவர்கள் வரைந்தது.

சூடும் அளவும்

நம் ஊர் வெயிலில் தவறாமல் எடுக்க வேண்டிய பாடம் இது. ஒரு மீட்டர் நீள எஃகு, ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய பதினொன்றரை மைக்ரான் நீளும். 100 மில்லி ஷாஃப்ட் ஒன்று 20 டிகிரி கூடுதல் சூட்டோடு மெஷினை விட்டு வந்தால், அதன் டயா 23 மைக்ரான் ஊதியிருக்கும். ஆனால் 100 எச்6 என்று டிராயிங்கில் போட்டிருந்தால், கையாளக் கிடைக்கும் மொத்த இடமே (டாலரன்ஸ்) 22 மைக்ரான். தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சூட்டோடு அளக்கும்போது ஓகே ஆன ஷாஃப்ட், ஆறிய பிறகு அண்டர்சைஸ். கஸ்டமர் திருப்பி அனுப்பினால் திட்டு விழுவது ஆபரேட்டருக்கு. அவர் அளந்தது சரிதான். சூட்டைக் கணக்கில் சேர்க்கத்தான் யாரும் கற்றுத்தரவில்லை.

விடுபட்டவர்கள்

நாட்டில் ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. அப்ரண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் பட்டறைக் கணக்கும் அறிவியலும் உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து நவீன மெஷின்களோடு ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றப்பட்டன. நல்ல வேலை இது. ஆனால் இவையெல்லாம் தொழிலுக்குள் நுழைகிறவர்களுக்கான வாசல்கள். ஏற்கெனவே மெஷினில் நிற்கிறவருக்கு? அப்ரண்டிஸ் வாசல்கூட எல்லாப் பட்டறையிலும் கட்டாயம் இல்லை. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் சிறு பட்டறைக்கு அது விருப்பம்தான். கோவையில் பட்டறை என்றால் பெரும்பாலும் அந்தச் சிறு பட்டறைதான்.

அங்கே ஆபரேட்டருக்கும் செட்டருக்கும் நடுவில் இருக்கும் சுவர் கணக்கு. ஆபரேட்டர் ஜாப்பை மாட்டி, பட்டனை அழுத்தி, அளக்கிறார். செட்டர் டிராயிங்கைப் படித்து, வேகமும் ஃபீடும் முடிவு செய்து, முதல் பீஸை எடுத்துக் கொடுக்கிறார். சம்பளமும் மரியாதையும் அதற்கேற்ப வேறு. கை வேலையில் செட்டருக்குச் சளைக்காத பலர் ஆபரேட்டராகவே ஓய்வு பெறுவதைப் பார்த்திருக்கிறேன். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் மாலை வகுப்பில் தூங்கி விழுவது சோம்பல் இல்லை, களைப்பு. வாரத்தில் இரண்டு நாள், ஷிஃப்டுக்குள்ளேயே அரை மணி ஒதுக்குங்கள். புத்தகம் வேண்டாம், உங்கள் ஜாப் டிராயிங்கே பாடப் புத்தகம், உங்கள் செட்டரே வாத்தியார். டேப் டிரில்லில் தொடங்கி வெட்டு வேகம், டேப்பர், டாலரன்ஸ் என்று மெல்லப் போகலாம். ரிஜெக்ஷன் குறைவதை உங்கள் கணக்குப் பிள்ளையே காட்டுவார். அந்த அரை மணிக்கு மட்டும் சம்பளம் பிடிக்காதீர்கள்.