உங்க வீட்டு கம்ப்யூட்டருக்கு யார் வாட்ச்மேன்?

"மச்சி, எந்த ஆன்டி வைரஸ்டா பெஸ்ட்?"

எந்த காலேஜ் கேன்டீனில் வேண்டுமானாலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பதில் வரும். ஒருத்தன் குவிக் ஹீல் என்பான். இன்னொருத்தி கே7 என்பாள். "காஸ்பர்ஸ்கைதான்டா மாஸ்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கும். மூலையில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீனியர் மட்டும், "அதெல்லாம் வேஸ்ட், எதுவுமே வேணாம்" என்று ஞானி மாதிரி சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்.

யார் சொல்றது கரெக்ட் என்று பார்ப்பதற்கு முன்னாடி, வீட்டில் இருக்கிற அந்த கம்ப்யூட்டரை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அப்பா பேங்க் பாஸ்வேர்டைத் தட்டுவது அதில்தான். அக்கா கல்யாண போட்டோ முழுக்க அதில்தான். உங்க பிராஜெக்ட் ரிப்போர்ட்டின் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ரியல் ஃபைனல்' எல்லாமே அதில்தான். வைவாவுக்கு நாலு நாள் இருக்கும்போது அத்தனை ஃபைலுக்கும் யாரோ பூட்டு போட்டுவிட்டு, "டாலரில் பணம் கட்டு, சாவி தர்றேன்" என்று மெசேஜ் வைத்தால்? ரேன்சம்வேர் என்கிற அயிட்டம் செய்வது இதைத்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார்!

நீங்க விண்டோஸ் வைத்திருந்தால், வாட்ச்மேன் ஏற்கெனவே கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் டிஃபெண்டர். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் ஆரம்பித்து இன்றைய விண்டோஸ் 11 வரைக்கும் கூடவே வருகிறார், தனியாகச் சம்பளம் இல்லை. ஓசியில் வந்த ஆள் என்பதால்தான் நம்மாளுங்க யாரும் மதிப்பதில்லை.

அந்தக் கெட்ட பெயர் சும்மா வந்ததில்லை. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரத்தில் ஏ.வி.-டெஸ்ட் என்று ஒரு பரிசோதனைக்கூடம் இருக்கிறது. எல்லா ஆன்டி வைரஸையும் உட்கார வைத்து பரீட்சை வைப்பதுதான் வேலை. மூன்று சப்ஜெக்ட். வைரஸைப் பிடிக்கிறதா, கம்ப்யூட்டரை ஸ்லோ ஆக்குகிறதா, நல்ல ஃபைலைப் பார்த்து 'திருடன்' என்று கத்துகிறதா. ஒவ்வொன்றுக்கும் 6 மார்க், மொத்தம் 18. மைக்ரோசாஃப்ட் அப்போது இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி எசென்ஷியல்ஸுக்கு 2012 கடைசியில் இவர்கள் சர்ட்டிஃபிகேட் தர மறுத்தார்கள். அரியர்! அன்றைக்கு சீனியர் சொன்னதை ஜூனியர் கேட்டு, அவர் தன் ஜூனியருக்குச் சொல்லி, "மைக்ரோசாஃப்ட் ஆன்டி வைரஸ் டம்மி பீஸ்" என்கிற டயலாக் இன்னமும் ஓடுகிறது.

ஆனால் பையன் அரியரை கிளியர் செய்து பல வருஷம் ஆச்சு. இப்போதெல்லாம் அதே பரீட்சையில் 18-க்கு 18 வாங்குவது டிஃபெண்டருக்குச் சகஜம். காசு கொடுத்து வாங்குகிற பெரிய கம்பெனிகளும் அதே மார்க்தான் வாங்குகின்றன. 17.5-க்கும் 18-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து சண்டை போடுவது இன்டெர்னல் மார்க்குக்கு சண்டை போடுகிற மாதிரி. விண்டோஸ் 11, எப்போதும் நெட் கனெக்‌ஷன், நீங்க ஒரு ஸ்டூடன்ட் என்றால் டிஃபெண்டரே போதும் என்பதுதான் என் கட்சி.

யாருக்கு காசு கொடுத்தது வேணும்?

ஆன்டி வைரஸ் எப்படித் திருடனைப் பிடிக்கிறது என்று தெரிந்தால் இதற்கு விடை கிடைக்கும். முதல் வழி, போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டி வைத்திருக்கும் போட்டோ மாதிரி. பழைய வைரஸ்களின் அடையாளம் கையில் இருக்கும், வருகிற ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டாவது, நடத்தையைக் கவனிப்பது. புதிதாக வந்த ஒரு புரோகிராம் திடீரென்று உங்க போட்டோவையெல்லாம் வரிசையாகத் திறந்து உருமாற்றினால், போட்டோ மேட்ச் ஆகாவிட்டாலும் சட்டையைப் பிடிக்கும். மூன்றாவது, ஹெட் ஆபீஸுக்கு போன் போடுவது. "இப்படி ஒரு ஃபைல் வந்திருக்கு சார், ஓகேவா?" என்று நெட் வழியாகக் கேட்கும்.

டிஃபெண்டர் இந்த மூன்றாவது வழியை ரொம்பவே நம்பி இருக்கிற ஆள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரத்தில் ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ் என்று இன்னொரு கூடம் உண்டு. அங்கே நெட்டோடு ஒரு தடவை, நெட் இல்லாமல் ஒரு தடவை என்று சோதிக்கிறார்கள். நெட் இருந்தால் டிஃபெண்டர் சிங்கம். நெட்டைப் பிடுங்கிவிட்டால் சில காஸ்ட்லி போட்டியாளர்களைவிட நன்றாகவே பின்தங்குகிறது.

ஆகவே, ஊரில் இருக்கிற வீட்டில் நெட் எப்போதாவது வரும், ஆனால் பென்டிரைவ் தினமும் வரும் என்றால், அந்த மெஷினுக்குக் காசு கொடுத்து ஒன்று வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இந்த பென்டிரைவ் விஷயம் நம்ம ஊர் ஸ்பெஷல் என்றே சொல்லலாம். காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை பென்டிரைவ் ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்! 2008-இல் உலகத்தையே ஒரு கலக்கு கலக்கிய கான்ஃபிக்கர், பென்டிரைவைச் சொருகினாலே தானாக ஓடுகிற ஆட்டோரன் வசதியையும் பயன்படுத்திப் பரவியது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் அப்டேட் அனுப்பி அந்தக் கதவை மூடியது. வைரஸ்காரர்கள் விடுவார்களா? ஷார்ட்கட் டெக்னிக்குக்கு மாறினார்கள். உங்க ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைத்துவிடும். நீங்க டபுள் கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். ஃபோல்டர்தான் திறந்துவிட்டதே என்று நமக்கு சந்தேகமே வராது!

பிரிண்ட் எடுக்க பி.டி.எஃப்.பை மெயிலில் அனுப்புங்கள். முடியாவிட்டால் அதற்கென்றே ஒரு பழைய பென்டிரைவ் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் ஃபார்மட் செய்துவிடுங்கள்.

காசு கொடுப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு நம்ம நாட்டு சரக்கே இருக்கிறது. கே7 நம்ம சென்னைக்காரர் கேசவர்த்தனன் ஆரம்பித்தது. ஜப்பானில் வேறு பெயர் போட்டுக்கொண்டு பல வருஷம் விற்ற இன்ஜின் இவர்களுடையது. குவிக் ஹீல் புனேகாரர்களுடையது. அண்ணன் கைலாஷ் கட்கர் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர், தம்பி சஞ்சய் புரோகிராம் எழுதியவர். தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்குமுன், முதல் வருஷ விலையை மட்டும் பார்க்காமல் ரினீவல் விலை எவ்வளவு என்று பாருங்கள், தள்ளுபடி பெரும்பாலும் முதல் வருஷத்தோடு சரி. வி.பி.என்., டியூன்-அப், அது இது என்று கூடவே கட்டிக்கொடுப்பதற்காக மேலே போகாதீர்கள். கூட்டுப் பொரியலுக்காக யாராவது பிரியாணி வாங்குவார்களா?

முதலாளி யார் என்பதும் முக்கியம். ஆன்டி வைரஸ் என்பது கம்ப்யூட்டரின் எல்லா ரூம் சாவியும் வைத்திருக்கிற ஆள். இலவசமாகக் கிடைத்த அவாஸ்ட், பயனாளர்கள் எந்தெந்த வெப்சைட் பார்க்கிறார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் மூலம் விற்றது 2020 ஜனவரியில் அம்பலமானது. 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. 2022-இல் நார்ட்டனும் அவாஸ்ட்டும் ஒன்றாகி ஜென் என்ற கம்பெனி ஆனார்கள். ஏ.வி.ஜி.யும் அவிராவும்கூட அதே குடும்பத்தில்தான். கடையில் நாலு டப்பாவைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஆராய்ச்சி பண்ணுகிறோமே, நாலுக்கும் ஒரே முதலாளி! காஸ்பர்ஸ்கை ரஷ்யக் கம்பெனி என்பதால் 2024-இல் அமெரிக்கா தடை போட்டது. அப்போது அங்கே பல பேர் கம்ப்யூட்டரில் காஸ்பர்ஸ்கை காணாமல் போய், அல்ட்ரா ஏ.வி. என்கிற புது ஆள் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தார். சாவி யார் கையில் என்பது இப்படித்தான் விளையாடும்.

இன்னொன்று, இரண்டு ஆன்டி வைரஸைச் சேர்த்துப் போடாதீர்கள். ஒருத்தரையொருத்தர் திருடன் என்று நினைத்து அடித்துக்கொள்வார்கள், கம்ப்யூட்டர் நத்தை ஆகிவிடும். புது லேப்டாப்போடு ட்ரையலாக வந்த மெக்காஃபி கெடு முடிந்து கிடந்தால் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டிஃபெண்டர் தானே எழுந்து டியூட்டிக்கு வந்துவிடுவார்.

கேட்டைத் திறந்துவிடுவது யாரு?

இப்போது உண்மையைப் பேசலாமா? பெஸ்ட் ஆன்டி வைரஸ் எது என்று மணிக்கணக்கில் டிஸ்கஸ் பண்ணுகிற அதே பார்ட்டி, ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு 'கிராக்' தேடுவார். டவுன்லோட் பண்ணினால் உள்ளே ஒரு ரீட்மீ இருக்கும். முதல் வரி என்ன? "ஆன்டி வைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்." இவரும் சமர்த்தாக ஆஃப் செய்வார். வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்பிவிட்டு திருடனுக்கு நாமே கேட்டைத் திறந்துவிட்டால், 18-க்கு 18 வாங்கினவர் என்ன செய்வார் பாவம்?

ஸ்டாப் ஜாவு என்கிற ரேன்சம்வேர் குடும்பம் வீட்டு கம்ப்யூட்டர்களில் பரவியது முக்கியமாக இந்தக் கிராக் வழியாகத்தான். 2019-இல் எம்சிசாஃப்ட் என்ற கம்பெனி இதன் பழைய ரகங்களுக்கு இலவச சாவி கொடுத்தது. புது ரகத்தில் மாட்டியவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த வழியும் இல்லை.

பூட்டு போடுகிறவனாவது பரவாயில்லை, வந்தது தெரியும். இன்னொரு ரகம் சத்தமே போடாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, லாகின் ஆகியிருக்கிற குக்கி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். குக்கி கையில் இருந்தால் பல நேரம் ஓ.டி.பி.கூட கேட்காது, நேராக உங்க மெயிலுக்குள்ளேயே நுழையலாம். லுமா என்கிற இந்த ரகத்துக் களவாணி, 2025-இல் மார்ச் நடுவிலிருந்து மே நடுவுக்குள் மட்டும் உலகம் முழுக்க 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கு சொன்னது.

"சார், ஒரிஜினல் வாங்க காசு இல்லையே?" நியாயம்தான். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ், ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ், மேட்லேப் கணக்குக்கு ஆக்டேவ். கிராக் தேடுகிற நேரத்தில் இவற்றை இறக்கிவிடலாம்.

விண்டோஸ் அப்டேட் விஷயத்திலும் இதே கதைதான். வானாக்ரை 2017 மே 12 அன்று உலகத்தை உலுக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இரண்டு மாசம் தள்ளிப் போட்டவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதில் இருப்பவர்கள் புது ஆன்டி வைரஸ் வாங்குவதற்கு முன்னாடி யோசிக்க வேண்டியது விண்டோஸை மாற்றுவது பற்றித்தான்.

இன்னிக்கு ராத்திரி கொஞ்ச நேரம் கிடைக்குமா? ஸ்டார்ட் பட்டனில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். டேம்பர் புரொடெக்‌ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே ரேன்சம்வேர் புரொடெக்‌ஷனுக்குள் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று ஆஃபில் கிடக்கும். ஆன் செய்தால், முகம் தெரியாத புரோகிராம் உங்க டாக்குமென்ட்ஸில் கை வைக்க முடியாது. நடுநடுவே சில நல்ல புரோகிராமையும் தடுத்துக் கடுப்பேற்றும், அதை மட்டும் அனுமதித்துக்கொள்ளலாம். வாட்ச்மேன் முழித்திருக்கிறாரா என்று டெஸ்ட் பண்ண, ஐகார் அமைப்பின் தளத்தில் 68 எழுத்து கொண்ட ஒரு டெஸ்ட் ஃபைல் இருக்கிறது. துளிகூட ஆபத்தில்லாதது. அதை இறக்கினால் எந்த ஆன்டி வைரஸாக இருந்தாலும் உடனே கத்தியாக வேண்டும்.

ஆன்டி வைரஸுக்கு என்று ஒதுக்கிய காசில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குச் சேர்த்து வையுங்கள். பிராஜெக்ட்டையும் கல்யாண போட்டோவையும் அதில் காப்பி எடுத்துவிட்டு, வயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் அதற்கும் சேர்த்துப் பூட்டு விழும்.

ஏற்கெனவே மாட்டியாச்சு என்றால் முதலில் நெட்டை கட் செய்யுங்கள். டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017-லிருந்து இலவச சுத்தம் செய்யும் டூல்கள் தருகிறது, அதையும் முயற்சிக்கலாம். பாஸ்வேர்டுகளை அந்த கம்ப்யூட்டரில் இல்லாமல் வேறு போனிலிருந்து மாற்றுங்கள், எல்லா இடத்திலும் லாக்-அவுட் கொடுங்கள். அப்பா அக்கவுன்ட்டில் பணம் போயிருந்தால், திட்டு விழும் என்று பயந்து மறைக்காமல் உடனே 1930-க்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கை மாறுவதற்குள் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.