தொள்ளாயிரம் வீடுகளும் செண்பகத்தோப்பும்

தமிழ்நாட்டில் 100 பிரசவம் நடந்தால் கிட்டத்தட்ட 100-ம் மருத்துவமனையில்தான். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இது 99.6 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. 2015-16இல் 55 ஆக இருந்தது. 6 மாதம் முதல் 5 வயதுவரையான குழந்தைகளிடமோ 50.7இலிருந்து 57.4 ஆக ஏறிவிட்டது. அடுத்த ரூபாய் எங்கே போக வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது: இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு நீக்கம், தட்டில் கீரையும் முட்டையும்.

எந்த ஊருக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. விருதுநகர் மாவட்டம் 2018இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் சேர்ந்தது. அந்த மாவட்டங்களை அளக்க மொத்தம் 49 குறியீடுகள். மதிப்பெண்ணில் 30 விழுக்காடு உடல்நலத்துக்கும் ஊட்டச்சத்துக்கும். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான முன்னேற்றத் தரவரிசையில் விருதுநகர்தான் நாட்டிலேயே முதலிடம். பெருமைதான்.

ஆனால் ராஜபாளையம் நூற்பாலைத் தொழிலாளி, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவர், ஸ்ரீவில்லிபுத்தூர் கைத்தறிக்காரர், செண்பகத்தோப்பு மலையடிவாரத்துப் பளியர் குடும்பம் எல்லாரும் அந்த ஒற்றை மாவட்ட எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஐந்தாவது கணக்கெடுப்பு 707 மாவட்டங்களில் சுமார் 6.37 லட்சம் வீடுகளுக்குப் போனது. மாவட்டத்துக்குச் சராசரியாக 900 வீடு. மாவட்டத்தின் நிலையைச் சொல்ல அது போதும். செண்பகத்தோப்பில் எத்தனை கர்ப்பிணிகள் வெளிறிக் கிடக்கிறார்கள் என்று அது சொல்லாது.

சொல்லக்கூடியது கிராமச் சுகாதாரச் செவிலியரின் பதிவேடு. ஒவ்வொரு கர்ப்பிணியின் ரத்த அளவும் எடையும் பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு எண்ணோடு அதில் ஏறுகிறது. சமவெளியில் 5,000 பேருக்கும் மலை, பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது விதி. எட்டாத இடத்துக்குக் கூடுதல் ஆள் வேண்டும் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. நிதியும் அப்படித்தான் பிரிய வேண்டும்: தேசியக் கணக்கெடுப்பு திசை காட்டட்டும், ஒன்றியவாரியான பதிவேடு பங்கு பிரிக்கட்டும்.

அதற்குப் பதிவேடு உண்மையாக இருக்க வேண்டும். குறைந்த ரத்த அளவை உள்ளபடி எழுதிய செவிலியரைக் கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கடிந்தால், அடுத்த மாதம் எண் மட்டும் அழகாகிவிடும். சோகை அப்படியே இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அங்கே இன்னும் என்ன அனுப்ப வேண்டும்?

நம் பங்கும் உண்டு. வீட்டில் யாராவது கருவுற்றிருந்தால் 12 வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள்.