டிரெக்டர் அடியில் ஒயில் சொட்டுகிறதா?

மடுவத்திலிருந்து ஸ்டோருக்குக் கொழுந்து ஏற்றவும், உரமும் விறகும் கொண்டுவரவும், அவசரத்துக்கு நோயாளியைக் கொண்டுபோகவும் தோட்டத்தில் டிரெக்டர்தான் துணை. ஆகவே இந்த விஷயம் டிரைவருக்கு மட்டுமல்ல, எல்லாக் குடும்பத்துக்கும் உரியது.

நான் முன்பு வேலை செய்த தோட்டமொன்றில் டிரெக்டரின் பின் சக்கரத்து உள்பக்கம் பல வாரமாக ஒயில் ஈரம் இருந்தது. டிரைவரிடம் கேட்டேன். "பழைய வண்டிங்க ஐயா, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு மழை நாளில் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பெட்டியில் ஆறு பெண்கள். மண்மேட்டில் மோதி நின்றதால் உயிர்கள் தப்பின.

காரணம் இதுதான். மெசி பெர்குசன் 35, 135 போன்ற பழைய டிரெக்டர்களில் பின் சக்கரத்துக்கு உள்ளேதான் பிரேக் டிரம் இருக்கிறது. அச்சின் ஒயில்சீல் தேய்ந்தால் ஒயில் பிரேக் கட்டையில் ஏறிவிடும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும், அல்லது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எங்கே ஒழுகுகிறது?

முதலில் எஞ்சினை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவித் துடையுங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இரவில் அடியில் காட்போட் மட்டை விரியுங்கள். காலையில் பாருங்கள். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஒயில். தேன் நிறமாக இருந்தால் பெரும்பாலும் கியர் அல்லது ஹைட்ரோலிக் ஒயில். தண்ணீர் மாதிரி இருந்து டீசல் வாசம் அடித்தால் டீசல். ஒயில் கீழே வழிந்து காற்றில் பின்னுக்குப் போகும். அதனால் ஈரம் தெரிகிற இடங்களில் ஆக மேலேயும் முன்னாலேயும் உள்ளதே ஓட்டை. சந்தேகமான இடத்தில் முகப்பவுடர் தூவி, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால் கோடு விழுந்திருக்கும்.

எதை நாமே செய்யலாம்?

ஒயில் அளவுக்கோலைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் ஒழுகும். பிரீதர் என்ற மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் உள்ளே அமுக்கம் கூடி, நல்ல சீலிலும் கசியும், அதைக் கழுவுங்கள். சம்ப் நட்டுக்குப் புது செம்பு வாசர், பில்டருக்குப் புது இறப்பர் வளையம் போடலாம். மேல் மூடிக்குப் பெக்கிங் மாற்றும்போது பழையதைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். மூர்க்கமாக இறுக்கினால் மூடி வளைந்து இன்னும் ஒழுகும்.

எஞ்சினும் கியர்பெட்டியும் சேருமிடத்தில் சொட்டினால் வண்டியைப் பிரிக்க வேண்டும். அது கராஜ் வேலை. பின் அச்சு சீலும் அப்படித்தான். சீலோடு ஒயில் ஊறிய பிரேக் கட்டையையும் மாற்றியாக வேண்டும். அதுவரை வண்டியை மலைக்கு அனுப்பக் கூடாது.

ஹைட்ரோலிக் குழாய் கசிவைக் கையால் தடவாதீர்கள். அமுக்கத்தில் பாயும் ஒயில் தோலைத் துளைக்கும். காயம் ஊசிக்குத்து மாதிரிச் சின்னதாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டாருக்கு

பழைய ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். அது கீழ் லயத்துப் பீலிக்குத்தான் போகும். புண்ணுக்கோ நாய்ச் சொறிக்கோ பூசவும் வேண்டாம். டின்னில் சேர்த்து மூடி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பின் சக்கரத்தில் ஈரம் கண்டால் பெட்டியில் ஏறாமல், துரையிடமோ நலன்புரி அலுவலரிடமோ சொல்லுங்கள். அன்று நான் சொல்லாமல் விட்டதை நீங்கள் விடாதீர்கள்.