செய்திச் செயலிகளும் நமது முகவரிப் புத்தகமும்

உலக விவகாரங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு இப்பொழுது எவருக்கும் தடையில்லை. அமெரிக்காவின் வரிக் கொள்கையும், எந்தக் கைப்பேசிச் செயலி சுதேசி, எது அந்நியம் என்ற வாதமும் சங்கரன்கோவில் பாவடியிலும் பூ மார்க்கெட்டிலும் அடிபடுகின்றன. இவற்றுள் ஒரு விஷயம் அங்கத்தினர்களின் தொழிலை நேராகத் தொடுவதால், அதைச் சிறிது விளக்க விரும்புகிறோம்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்தது. அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே, நமது அரசாங்கம் பருத்தி இறக்குமதி மீதிருந்த 11 சதவீத வரியை நிறுத்திவைத்து, பின்னர் அச்சலுகையை அவ்வாண்டு டிசம்பர் இறுதிவரை நீட்டித்தது. நெய்பவருக்கு ஆறுதலும் பருத்தி விளைவிப்பவருக்குக் கவலையும் ஒரே உத்தரவில் வந்து சேர்ந்தன. இருவரும் கூடியிருக்கும் இடத்தில் இதுபற்றி ஒரே அபிப்பிராயம் நிலவியிருந்தால்தான் வியப்பு.

அச்சூழ்நிலையில் சுதேசிப் பேச்சு வலுத்து, செப்டம்பர் மாதத்தில் 'அரட்டை' என்னும் செய்திச் செயலியின் மீது நாட்டின் கவனம் திரும்பிற்று. அதை உண்டாக்கிய ஜோஹோ நிறுவனத்தின் ஸ்தாபகர்களுள் ஒருவரான திரு. ஸ்ரீதர் வேம்பு, நமது தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் குடியேறிப் பணியாற்றுபவர். நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய சேர்க்கை மூன்றே நாட்களில் 3,50,000 ஆக உயர்ந்ததென்று அவர் தெரிவித்தார். நமக்கும் அதில் பெருமையே. ஆயினும் சில வாரங்களில் அவ்வேகம் தணிந்தது. பலர் அரட்டையைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் பேசிவந்தனர்.

காரணம் செயலியின் தரத்தில் இல்லை. ஆடித் தபசுக்குக் கடை போடுகிறவர் கூட்டம் நிற்கும் தெருவைத்தான் நாடுவார். ஆளில்லாத தெருவில் வாடகையே இல்லையென்றாலும் அங்கே செல்லமாட்டார். நூல் வியாபாரியும் சேலை வாங்குபவரும் வாட்ஸ்அப்பில் இருக்கையில், நெசவாளர் ஒருவர் மட்டும் வெளியேறி என்ன செய்வார்? 2014-ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலர் மதிப்பில் வாங்க ஒப்பந்தம் செய்தது. அவ்வளவு பணமும் இயந்திரத்துக்கா? அத்தெருவில் நிற்கும் கூட்டத்துக்கே பெரும்பகுதி விலை. நம் நாட்டில் தோன்றிய ஹைக் செய்திச் செயலி 2021-இலும், கூ என்னும் செயலி 2024-இலும் மூடப்பட்டன.

நூலைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்ளும் முதலாளி ஒருவரே இருந்த காலத்தில், அவர் வைத்ததே கூலியாயிற்று. அவரைவிட்டு விலகவும் ஓர் இடம் வேண்டுமென்றே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. செயலிகளின் விஷயத்திலும் கேட்க வேண்டியது இதுவே: விலக விரும்பினால், நமது வாடிக்கைக்காரரோடுள்ள தொடர்பு அறாமல் விலக முடியுமா? முதலாளி உள்ளூர்க்காரரா, வெளியூர்க்காரரா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இரகசியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் 2016 முதல் செய்திகள் அனுப்புவோர், பெறுவோர் கைப்பேசிகளில் மட்டுமே திறக்கும்படி பூட்டப்படுகின்றன. ஆனால் ஒட்டிய உறையின் மேலும் முகவரி தெரியத்தானே செய்யும்? யார் யாருக்கு, எப்பொழுது அனுப்பினார் என்பதை நிறுவனம் அறியக்கூடும். 2021-இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த விதிமாற்றத்திற்காக, அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

கதவு திறப்பதற்கு வழி இல்லாமற் போகவில்லை. 2016-இல் வந்த யுபிஐ முறையில், ஒரு வங்கியில் கணக்குள்ளவர் வேறொரு வங்கிக் கணக்குக்கு, எந்தச் செயலி வழியாகவும் பணம் அனுப்புகிறார். செய்திச் செயலிகளும் அவ்வாறே ஒன்றோடொன்று பேச வேண்டுமென்று திரு. வேம்பு கூறியுள்ளார். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய சட்டத்தின்படி, பெரிய செய்திச் செயலிகள் பிற செயலிகள் கேட்டால் தொடர்புக்கு இடம்கொடுத்தாக வேண்டும்.

நமது சங்கங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாடிக்கைக்காரர் பெயர், ஊர், தொலைபேசி எண், அவர் கேட்ட சேலையின் நீளம், நிறம், பார்டர், பேசிய விலை ஆகியவற்றை அன்றன்றே பேரேட்டில் ஏற்றிவிடலாம். டிசைன் படங்களைச் சங்கத்துக் கணிப்பொறியில் தனியே சேமிக்கலாம். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. அன்று எண்ணைத் தாளில் எழுதி வைத்திருந்தவருக்குச் சாதாரணத் தொலைபேசி வேலை செய்துகொண்டுதான் இருந்தது.